நாலாவது தெரிவும் மூடிய கதவும்

சுவிஸில் உள்ள எங்கள் தமிழ் ஆட்களில் மூன்று பேர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் சூரிச்சில் ஆட்ட வீடியோக்களை வெட்டுகிறார். ஒருவர் லொசானில் பயிற்சியாளருக்குப் பக்கத்தில் கணினியோடு உட்காருகிறார். மூன்றாமவர் என்ன செய்கிறார் என்று அவருடைய தாயாருக்கே தெரியவில்லை. ஆகவே அவர் ஸ்கவுட்டாகத்தான், அதாவது அணிகளுக்கு ஆள் பார்ப்பவராகத்தான், இருக்க வேண்டும்.

என் அம்மா கடைசிவரை நான் சாரணர் இயக்கத்தில் பெரிய பதவியில் இருப்பதாகவே உறவினரிடம் சொல்லிவந்தார். நானும் திருத்தவில்லை. ஊர் ஊராகப் போய், வியர்வை நாறும் மண்டபங்களில் உட்கார்ந்து, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் கணுக்காலைப் பார்த்து எழுதுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை விளங்கப்படுத்துவதைவிட அது இலகுவாக இருந்தது.

மூன்று பேருக்காக இவ்வளவு எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். தமிழில் வாசிக்கக் கடினமாக இருந்தால் வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் இடையிடையே தங்கள் கருத்தையும் சேர்ப்பார்கள். அதையும் கேளுங்கள். ஏனென்று பிறகு விளங்கும்.

முதலில் ஒரு குசினி.

பதினெட்டு வயதில் நான் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினேன். வெளியே பனி, உள்ளே நீராவி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, அதில் என் முகம். மூன்று மாதம் கழிந்ததும் அடுப்பிலிருந்து தட்டு எடுக்கும் உயர்பதவி கிடைத்தது. அந்தக் குசினியில் சட்டம் ஒன்றே ஒன்று: சூடான எதையாவது தூக்கிக்கொண்டு ஒருவரின் முதுகுக்குப் பின்னால் போனால் கத்த வேண்டும். "ஹைஸ்!" என்றால் சூடு. யார் என்று பார்க்கக் கூடாது, முதலாளியாக இருந்தாலும் கத்த வேண்டும்.

தலைமைச் சமையல்காரருக்கு என் பெரியப்பாவின் வயது. பெரியப்பா வயது மனிதரின் பிடரிக்குப் பின்னால் நின்று கத்துவது எனக்கு வரவில்லை. தொண்டைவரை வந்தது, அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. நான் சத்தமில்லாமல், மிகுந்த பணிவோடு, ஒரு கொதிக்கும் தட்டுடன் அவருக்குப் பின்னால் போனேன். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன் மரியாதை என் கையில் இருக்கிறது, பார்."

அடுத்த நாள் வெறும் தட்டோடு நாற்பது தடவை தனக்குப் பின்னால் நடக்க வைத்தார். நாற்பது தடவையும் கத்தினேன். நாற்பதாவது தடவை அவர் திரும்பிப் பார்க்காமலே விலகினார். அந்தப் பாடம் அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதை மட்டும் நான் பிழையாக நினைக்காமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது.

முப்பது வருடங்களுக்கு மேல் கடந்து, நான் ஒரு அமெரிக்க கூடைப்பந்து அணிக்கு ஐரோப்பாவில் ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் நடந்தவற்றை விட்டுவிடுகிறேன். அவை பெரும்பாலும் ரயில்கள். உங்கள் வீட்டார் வாசிக்கிறார்களென்றால் அவர்களுக்காக ஒன்று: டிராஃப்ட் என்பது வருடத்தில் ஒரு நாள். அன்று அந்தப் பெரிய லீக்கின் அணிகள் வரிசையில் நின்று புது விளையாட்டு வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தெரிவுசெய்யும். முன்னால் நிற்கிற அணி எடுத்துவிட்டால் பின்னால் நிற்கிற அணிக்கு அந்த ஆள் இல்லை. கிட்டத்தட்ட கல்யாண வீட்டுப் பந்தி. வடை முடிந்தால் முடிந்ததுதான்.

எங்கள் அணி அந்த வருடம் நாலாவதாக நின்றது. முதல் மூன்று பேர் யாரென்று உலகத்துக்கே தெரிந்திருந்தது. அதற்கு அடுத்ததாக இரண்டு பெயர்கள், இரண்டும் சுவிஸ்காரர். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். கிழக்கே மலைப்பக்கத்திலிருந்து வந்தவன் ரெட்டோ, தெற்கே இத்தாலி மொழி பேசும் பக்கத்திலிருந்து வந்தவன் டாரியோ.

எங்கள் தலைமைத் தேர்வாளர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. வாக்கியங்களைச் செலவழிக்க விரும்பாதவர். "நீ அங்கேதான் வசிக்கிறாய். ஒரு பெயரை எழுது" என்றார்.

ஒரு பெயர். நீங்கள் இன்னும் எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதும்போது பேனா மிக இலேசாக இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொருவன் விழுகிற சத்தம் கேட்காது.

எனக்கு ஒரு வேலைமுறை இருந்தது. அதைப் பற்றிப் பெருமையும் இருந்தது. ஆட்டங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். வர்ணனையாளர் புகழ்ந்தால் மனது சாய்ந்துவிடும், ரசிகர்கள் மேளம் அடித்தால் சாதாரணப் பாய்ச்சலும் பறப்பதுபோலத் தெரியும். டீட்டிகோனில், என் வீட்டு முன்னறையில், ஊமைப் படமாக இருவரையும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்தேன்.

ரெட்டோ ஊமைப் படத்துக்காகவே பிறந்தவன். ஏழடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கால் வைக்கிற இடத்தில் தரைப் பலகை நோகாது. எதிராளி பந்தோடு உள்ளே நுழைவான். ரெட்டோ அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான், மாலையில் சுவரில் நிழல் நிற்பதுபோல. அவன் கால்களைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினேன். நல்ல பக்கம். அதுதான் பிறகு பிரச்சினையாகியது.

டாரியோவுக்கு வேகம் இருந்தது, கை இருந்தது, வாயும் இருந்தது. எந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தாலும் வாய் திறந்திருந்தது. தன்னைவிடப் பத்து வயது மூத்த அணித்தலைவரை நோக்கிக் கையை நீட்டி எதையோ சொல்லிக்கொண்டே இருந்தான். சத்தம் இல்லாத படத்தில் கதைக்கிறவன் எல்லோரும் சண்டை பிடிக்கிறவனாகத்தான் தெரிவான். இது எனக்கு இப்போது தெரியும்.

இருவரையும் தனித்தனியாக ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன். நான் கதவைத் திறந்தபோதே ரெட்டோ எழுந்துவிட்டான். நான் உட்காரும்வரை உட்காரவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். எங்கள் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை வந்தால் தேநீரோடு சம்பந்தமும் பேசிவிடுவார்கள்.

டாரியோ பிந்தி வந்தான். மேசை ஆடுகிறது என்றான். அட்டை ஒன்றை மடித்துக் காலுக்குக் கீழே வைத்தான். பக்கத்து மேசை முதியவரிடம் உங்கள் மேலங்கி தரையில் கிடக்கிறது என்றான். பிறகு கேக்கை மென்றுகொண்டே, "என்னை எத்தனையாவதாகப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

அன்று மாலை அறிக்கையை முடித்தேன். பெயர்: ரெட்டோ. டாரியோவைப் பற்றிய பகுதியின் கடைசியில் இப்படி எழுதினேன்: "இவருக்குப் பெரியவர்களை மதிக்கத் தெரியாது. தேவையில்லாமல் தலையிடுவார். இவரால் அணிக்குள் சிக்கல் வரும்."

இந்த மாதிரி ஒரு வரி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அது ஒரு அணியின் கோப்பில் இருக்காது. அணிகள் ஒன்றையொன்று தொலைபேசியில் கேட்கும். நாலாவது அணி விட்டவனை எடுக்க ஐந்தாவது அணியும் யோசிக்கும், ஆறாவது அணி பயப்படும். இருபதாவதுவரை விழலாம். அவன் ஏன் விழுந்தான் என்று அவனுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

தலைவியின் பதில் ஒரே வரியில் வந்தது. "யாரை மதிக்கவில்லை? எந்த ஆட்டம், எந்த நிமிடம்?"

அது எங்கள் அலுவலக வழக்கம். அறிக்கையில் எதை எழுதினாலும் பக்கத்தில் ஆட்டத்தின் நிமிடம் இருக்க வேண்டும். ரெட்டோவின் கால்களுக்கு இருபத்தொரு நிமிடக் குறிப்புகள் வைத்திருந்தேன். இந்த வரிக்கு ஒன்றும் இல்லை. டிராஃப்டுக்கு முந்திய நாள் கடைசிக் கூட்டம். அதற்குள் ஒரு நிமிடத்தைக் கண்டுபிடிப்போம் என்று கிளம்பினேன். கவனியுங்கள்: உண்மையைத் தேடி நான் போகவில்லை, எழுதியதற்குச் சாட்சி தேடித்தான் போனேன்.

இருவரும் அந்த வாரம் இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் ஒரே தேசிய அணிப் பயிற்சி முகாமில் இருந்தார்கள். டிராஃப்ட் நெருங்கியதால் பயிற்சியாளர் எங்களைப் போன்றவர்களை உள்ளே விடவில்லை. மண்டபக் கதவில் நான்கு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான்கிலும் அனுமதி இல்லை.

நான் நடைபாதையில் நின்று அந்தத் தாளை இரண்டாவது மொழியில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"விலத்துங்கோ! பின்னால வாறன்!"

சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நான் நின்ற இடத்தால் தரை கழுவும் இயந்திரம் ஒன்று போனது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி போனார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

"தமிழெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சியள்?" என்றேன்.

"உம்மட முகத்தைப் பாத்துப்போட்டு இத்தாலியனிலயோ கத்துறது?" இயந்திரத்தை நிறுத்தினார். "இஞ்ச என்ன செய்யிறீர்? பிள்ளை உள்ள விளையாடுதோ?"

"இல்லை அக்கா. அமெரிக்காவில ஒரு டீமுக்கு இஞ்சயிருந்து பெடியளைப் பாத்து அனுப்புற வேலை."

"ஓ, ஏஜென்சி."

"ஏஜென்சி இல்லை அக்கா. இது வேற."

"எங்களை இஞ்ச அனுப்பின ஏஜென்சிக்காரனும் அப்பிடித்தான் சொன்னவன்."

அவர் பெயர் ராணி. காலையில் அந்த மண்டபத்தைத் துப்புரவு செய்வார், பிற்பகலில் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. உள்ளே பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? நான் எட்டு வருசமா ஒரு நாளும் பாத்ததில்லை. கேட்டாலே காணும்."

வேறு வழியில்லாமல் கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் சப்பாத்துகள் கீச்சிட்டன, பந்து இடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு குரல். "வலது பக்கம்! தடுப்பு வருது! நான் இருக்கிறேன், நீ போ! உன் பின்னால், பின்னால்!" மூச்சு விடாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரி, யாரென்று பார்க்காமல். தடுப்பு என்றால், ஒருவன் பார்க்காத பக்கத்தில் எதிராளி சுவர்போல வந்து நிற்பது; யாரும் சொல்லாவிட்டால் அவன் போய் மோதுவான்.

"உது ஆர் அக்கா?"

"டாரியோ. உவன் கத்தினா நான் ஆறுதலாத் துடைப்பன்."

"ஏன்?"

"உள்ள எல்லாம் ஒழுங்கா நடக்குது எண்டு அர்த்தம். அவன்ர சத்தம் நிண்டா ஆரோ ஒருத்தன் ஐஸ் எடுக்க ஓடிவருவான். நான் துடைச்ச இடமெல்லாம் தண்ணி."

கதவு திறந்தது. டாரியோதான். விரலில் பிளாஸ்டர் கழன்றிருந்தது. உடை மாற்றும் அறையை நோக்கி ஓடிக்கொண்டே ராணி அக்காவிடம் இயந்திரத்தின் வயர் சிக்கியிருக்கிறது என்றான். என்னிடம், "உங்கள் சப்பாத்து நாடா அவிழ்ந்திருக்கிறது" என்றான். குனிந்து பார்த்தேன். அவிழ்ந்துதான் இருந்தது.

கதவு மூடியது. உள்ளே குரல் இல்லை. எங்கள் கோவில்களில் மேளம் நின்ற பிறகு வருமே ஒரு மௌனம், அது வந்தது. சப்பாத்துகள், பந்து, சப்பாத்துகள். பிறகு இரண்டு உடம்புகள் மோதுகிற மந்தமான சத்தம், ஒரு ஆள் விழுகிற நீளமான சத்தம், விசில். அணித்தலைவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, நடைபாதையிலிருந்த ஐஸ் பெட்டிக்குப் போனார். தரையில் தண்ணீர்.

ராணி அக்கா என்னைப் பார்த்தார். வாளியை எடுத்தார்.

"உள்ள ஒரு நெட்டைப் பெடியன் நிக்கிறான். தங்கமான பிள்ளை. குனிஞ்சு வணக்கம் சொல்லுவான். ஆனா வந்து பின்னால நிண்டா நிக்கிறது தெரியாது. ரெண்டு தரம் என்ர வாளியை ஊத்திப்போட்டன் அவனால. குசினியில விட்டா ஒரு கிழமைக்குள்ள ஆரையாவது அவிச்சுப்போடுவான்."

என் கையைப் பார்த்தேன். அதில் தழும்பு இல்லை. தழும்பு டாவோஸில் வேறொருவரின் கையில் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் பஸ் தரிப்பிடத்தில் ரெட்டோவைப் பிடித்தேன். என்னைக் கண்டு எழுந்தான். "அணித்தலைவர் அடிபட்டாரே, அவருக்குப் பின்னால் தடுப்பு வந்ததை நீ பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

ஒரு பஸ் வந்து, நின்று, போனது.

"அவர் என்னைவிட வயதில் மூத்தவர். அவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன்."

டீட்டிகோனுக்குத் திரும்பும் ரயிலில் ஏரி முழுக்க வெயில் கிடந்தது. அதைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. இரண்டு விளையாட்டு வீரர்களை எடைபோட என்னை அனுப்பினார்கள். ஒரு தட்டில் நான் டாரியோவை வைத்தேன். மற்றத் தட்டில், யாருக்கும் தெரியாமல், பதினெட்டு வயது என்னை ஏற்றி வைத்திருந்தேன். பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் என்ன ஆச்சரியம்?

கடைசிக் கூட்டம் கணினித் திரையில், பிற்பகல் நான்கு மணிக்கு. எட்டு முகங்கள். பெயரை டாரியோ என்று மாற்ற வேண்டும் என்றேன். ஒரு முகம் சொன்னது: "ஆனால் ரெட்டோவின் கால்களைப் பற்றி நீங்கள் எழுதியதை அச்சடித்து இங்கே சுவரில் ஒட்டியிருக்கிறோம்." கமராவைத் திருப்பியும் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது.

"எந்த நிமிடம்?" என்றார் தலைவி.

"நிமிடம் இல்லை. ஒரு கதவு இருந்தது. வெளியே நின்று கேட்டேன்."

"உன்னோடு வேறு யார் கேட்டார்கள்?"

"மண்டபம் துடைக்கிறவர்."

ஒருவர் சிரித்தார். தலைவி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் வாதாடினேன். என் அறிக்கையை எதிர்த்து நானே வாதாடினேன். என் அறிக்கைதான் நன்றாக வாதாடியது. அழகாக எழுதப்பட்ட தவறைத் திரும்பப் பெறுவது கடினம், பிள்ளைகளே. அவசரப்பட்டு அழகாக எழுதாதீர்கள்.

பெயர் மாறாது என்று விளங்கியதும் ஒன்றைக் கேட்டேன். "அந்தக் கடைசி வரிகளையாவது எடுத்துவிடுங்கள்."

"அவன்மேல் இரக்கமா, அல்லது அது பிழையா?"

"பிழை. அவன் மதிக்காமல் கத்தவில்லை. யாருக்கும் அடிபடக் கூடாது என்று கத்துகிறான். நான் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன்."

என் கண்முன்னாலேயே அழித்தார்.

மறுநாள் எங்கள் அணி நாலாவதாக ரெட்டோவை எடுத்தது. ஐந்தாவது அணி பெயர் சொல்வதற்கு முன் எங்கள் தலைவிக்கு அழைத்து, டாரியோவைப் பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டதாம். எங்கள் கோப்பில் ஒன்றும் இல்லை என்றாராம். அது உண்மை. ஒரு நாளே வயதான உண்மை. ஐந்தாவதாக டாரியோ போனான். மேடைக்கு ஏறும்போது முன்னால் போன அதிகாரியிடம் எதையோ சொன்னான். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

தலைவி இரண்டாவது நாள் எனக்கு எழுதினார்: "குறையைக் கண்டுபிடித்தது நீ. ரெட்டோ இங்கே வர ஆறு வாரம் இருக்கிறது. அவனைக் கத்தவை."

இதற்குப் பயிற்சிப் புத்தகம் எதுவும் இல்லை. நான் ராணி அக்காவுக்கு அழைத்தேன்.

"உம்மட அமெரிக்காச் சாமானை அனுப்பிவிடும்" என்றார். "பின்னேரத்தில ஒரு ஆள் குறையுது."

டிராஃப்டில் நாலாவதாக எடுக்கப்பட்ட ஒருவன், அந்தக் கோடையில், இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் பன்னிரண்டு நாள் தட்டு தூக்கினான். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கவில்லை. நான் ஓய்வுபெற்றுவிட்டதால் இப்போது சொல்கிறேன். அந்தக் குசினியில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள். ஆகவே கத்துவதும் தமிழில்தான். முதல் மூன்று நாளும் ரெட்டோ, புகைபோக்கியில் தலை இடிக்காமல், அழகாக, ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தான். எல்லோரும் அவனுக்குப் பயந்து சுவரோரமாக வேலை செய்தார்கள்.

நாலாம் நாள் நான் போயிருந்தேன். ராணி அக்கா கரண்டியால் அவன் முழங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேலே எட்டவில்லை. "வாய் கிடக்கெல்லே? வாயைத் திற! நான் உன்ர அம்மாவெண்டாலும் கத்து!" ரெட்டோவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முழுவதும் விளங்கியது.

எட்டாம் நாள் அவன் கொதிக்கும் சட்டியோடு திரும்பினான். ராணி அக்கா குனிந்த நிலையிலிருந்து பின்பக்கமாக நிமிர்ந்தார்.

"பின்னால!"

ரெட்டோவின் குரலில், வெளியே விருந்தினர் அறையில் பேச்சு நின்றது. ராணி அக்கா அசையாமல் நின்றார். சட்டி அவரைத் தாண்டிப் போனது. பிறகு நெற்றியைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இப்ப கொண்டுபோம்."

உங்களுக்கு நான் சொல்ல வந்த புத்திமதி எங்கேயாவது இதற்குள் கிடக்கும். ஒன்றை மட்டும் வெளியே எடுத்து வைக்கிறேன்: ஒருவனை உங்களுக்கு உடனே பிடித்துப்போனால், அவனில் யாரைப் பார்க்கிறீர்கள் என்று ஒரு ரயில் பயணத்துக்காவது யோசியுங்கள். சுவிஸில் தூரங்கள் சிறியவை. தேவைப்பட்டால் திரும்பியும் வாருங்கள்.

ரெட்டோவின் முதல் ஆட்டம் அங்கே மதியம், இங்கே ஞாயிறு மாலை. முன்னறையில் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், சத்தத்தை அணைத்திருந்தேன். இரண்டாவது கால்பகுதியில் அவனை இறக்கினார்கள். அதே கால்கள், அதே நிழல். எங்கள் அமெரிக்க அணியின் தலைவர் பந்தோடு வந்தவனை மறித்துக்கொண்டு நின்றார். ரெட்டோ பிறந்தபோதே பாடசாலையில் இருந்திருக்கக்கூடிய மனிதர். அவருக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் தடுப்பாக வந்து நின்றான். அவர் காணவில்லை. ரெட்டோ கண்டான்.

ரெட்டோவின் வாய் திறந்தது.

ரிமோட்டைத் தேடினேன். தலையணைக்குக் கீழே இருந்தது. சத்தம் வந்தபோது, இருபதினாயிரம் பேரின் இரைச்சலுக்குள், அந்தச் சொல்லின் கடைசிப் பாதி மட்டும் கேட்டது.

"...னால!"

அந்த அணியில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அணித்தலைவர், திரும்பிப் பார்க்காமலே, ஒரு அடி விலகினார்.